கிரகணத்தில் பெருத்த விரல்

என் வலது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல், கட்டைவிரலைவிடப் பெரியது. பிறக்கும்போதே அப்படித்தான். நான் வளர வளர, அதுவும் என்னோடு போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது. செருப்புக் கடையில் எனக்கு எப்போதும் இரண்டு ஜோடி வாங்க வேண்டும், வலதுக்கு ஓர் அளவு, இடதுக்கு ஓர் அளவு. பள்ளியில் வைத்த பட்டப்பெயர்களை எல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன். அம்மாவால்தான் முடியவில்லை.

நான் வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம். அந்த நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, அரிவாள், கத்தியைத் தொடக்கூடாது என்பார்கள். வாடிப்பட்டியில் எங்கள் மாடு பசியில் கத்தியது பொறுக்காமல், அம்மா தோட்டத்தில் இறங்கிப் புல் அறுத்துவிட்டாள். அதனால்தான் என் விரல் இப்படி ஆனது என்று நம்பினாள். என்னைக் குளிப்பாட்டும்போது அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

வேலைக்குப் போன பிறகு, மதுரையில் ஓர் எலும்பு டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போனேன். விரலுக்காக அல்ல, அவளுக்காக. கரு வளரும்போதே மரபணுவில் நேர்ந்த சிறு பிசகு, அதனால் அந்த விரலில் மட்டும் எலும்பும் கொழுப்பும் அளவு மீறி வளர்கின்றன, தாய் செய்த எதுவும் இதற்குக் காரணமில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். படியிறங்கும்போது, "அவருக்கு என்னத்தா தெரியும்? அன்னைக்கு அவரா நம்ம தோட்டத்துல நின்னாரு?" என்றாள்.

கல்யாணமாகிக் கோச்சடையில் குடியிருந்தபோது நான் உண்டானேன். அப்போதும் ஒரு கிரகணம் வந்தது. காலையிலேயே அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். ஜன்னல்களைப் பெட்ஷீட்டால் மூடினாள். அரிவாள்மணை, கத்தரிக்கோல், நகவெட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றினாள். எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் வாதாட மனசு வரவில்லை. இன்று ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று இருட்டு அறையில் படுத்துக் கிடந்தேன்.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா துணியை விலக்கி, பிள்ளையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் பொடிப்பொடியாக, ஒழுங்காக இருந்தன. இனி அம்மா அழமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கே அழுகை வந்தது, அம்புட்டுச் சந்தோஷம். அவளோ என் கால்மாட்டில் உட்கார்ந்து, என் பெருத்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாத்தா, நீ உள்ள கெடந்த, பிள்ளைக்கு ஒரு குறையுமில்ல. நானும் அன்னைக்கு உள்ளயே கெடந்திருந்தா..." முடிக்க முடியாமல் விம்மினாள்.

டாக்டர் சொன்னதை மறுபடி சொல்லத் தொடங்கினேன். அம்மா பிள்ளையின் காலைத் தூக்கி என்னிடம் காட்டினாள்.