வேலிக்கு வெளியே ஒரு குழி

எங்கள் அந்தோனியார் கோவில் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. நோட்டன் பிரிட்ஜ் பக்கம், ஆற்றோரப் பள்ளத்தில் இருந்த சின்னக் கோவில் அது. இடம் கொடுத்தவர் தேயிலைத் தோட்டத்துத் துரை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்து கட்டியவர்கள் தோட்டத்துச் சனங்கள். வாசல் கல்லில் துரையின் பெயர் மட்டும் இருந்தது.

அணை கட்டி ஆற்றை மறிக்கப் போகிறார்கள், பள்ளம் முழுகிவிடும் என்ற செய்தி வந்தபோது எனக்கு ஏழு வயது. புதுக் கோவில் மேட்டில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே வரும் என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

முதலில் புனிதர்களின் சுரூபங்கள் போயின. பிறகு கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். கடைசியில் கோவிலை ஒட்டியிருந்த கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை மேட்டுக்குக் கொண்டுபோகும் நாள் வந்தது. அம்மா வேடிக்கை பார்க்க என்னைக் கூட்டிப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கொழுந்துக் கூடையை எதற்கு எடுத்து வந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கோவில் உபதேசியார் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். உரியவர்கள் முன்னால் போய்த் தங்கள் குழியருகே நின்றார்கள். பட்டியல் முடிந்து அவர் தாளை மடித்ததும், அம்மா பங்குச் சாமியாரின் முன்னால் போய் நின்றாள்.

"எம் புள்ளய வாசிக்கலீங்களே, சாமி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய பிள்ளை நான் ஒருத்திதானே? நான் உயிரோடு பக்கத்தில் நிற்கிறேனே!

சாமியார் யாழ்ப்பாணத்துக்காரர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது ஞானஸ்நானம் பெறாத பிள்ளையெல்லோ அம்மா. வேலிக்கு வெளியிலதானே வைச்சது. பதிவில இல்லாததை நான் என்னெண்டு கொண்டுபோறது?" என்றார்.

"வெளியில வச்சது ஒங்க கோயில்தானே, சாமி? தண்ணி என்ன, வேலியப் பாத்துட்டா வரும்?"

கங்காணியிடம்கூட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள் என் அம்மா. அப்பா அவள் கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டு, குழி தோண்டிய ஒருவரிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். அங்கே சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை. வெறும் புல். அவள் தேடவே இல்லை. நேராகப் போய் ஓரிடத்தில் வெட்டினாள்.

அப்பா பின்னாலேயே போய், மண்வெட்டியை வாங்கிக்கொண்டு தானே தோண்டினார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு முன் பிறந்து, சாமியார் மலையேறி வருவதற்குள் இரண்டாம் நாளே இறந்துபோன ஓர் அண்ணன் எனக்கு இருந்தான் என்பதையும் அந்தக் குழியோரத்தில்தான் அறிந்தேன்.

இடுப்பளவு தோண்டியும் ஒன்றும் அகப்படவில்லை.

"ஒன்னுமில்ல, புள்ள. எல்லாம் மண்ணாப் போச்சு" என்றார் அப்பா, அம்மாவிடம்.

"அந்த மண்ண அள்ளுங்க" என்றாள் அம்மா. கூடைக்குள் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள்.

சாமியார் தடுக்கவில்லை. புதுக் கல்லறைத் தோட்டத்தின் வேலிக்குள்ளே ஒரு சின்னக் குழி வெட்டச் சொல்லி மேட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அம்மா கூடையை முதுகில் போடாமல் இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. என் கால்களில் அட்டைகள் கடித்தன.

"காலு வலிக்குது. அதக் கொட்டிட்டு என்னயத் தூக்கும்மா" என்று வழிநெடுக அழுதேன். அவள் அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. மேட்டில் இல்லாத மண்ணா இது, இதைப் போய் ஏன் சுமக்கிறாள் என்றுதான் அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக இருந்தது.