வலது காலில் இல்லாத துளை

கையால் செய்த சைக்கிள்களுக்கென்றே நடக்கும் கண்காட்சியில் என் அக்காவுக்கு இந்த வருடம்தான் முதல் கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு சைக்கிள், நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால், வருகிறவர்களுக்கு இரும்புக் குழாயின் குணங்களை விளக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அக்காவும், தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா பள்ளிப் படிப்போடு நின்றவள். ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் மாமாவுக்குத் துணையாகப் போனாள். சீக்கிரமே மாமா அவளுக்குத் துணை என்று ஆகிவிட்டது. கம்பி அலுத்துப்போய் ஒருநாள் பழைய சைக்கிள் ஒன்றை அறுத்துப் பார்த்தாள். அதன்பிறகு வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் சைக்கிள் ஃப்ரேம் மட்டும்தான். தையல்காரர் மாதிரி நாடா வைத்துத் தோள், கை, கால் எல்லாம் அளந்துதான் செய்வாள். சட்டை சேரவில்லை என்றால் கழற்றிப் போடலாம், இது சேரவில்லை என்றால் முதுகு போய்விடும் என்பாள்.

மேஜைமேல் நின்ற பச்சை சைக்கிள் ஒரு டீச்சருக்கு. குள்ளமான உருவம், கடையில் விற்கும் எந்த சைக்கிளிலும் அவருக்குக் கால் எட்டியதில்லை. வீடு மலைமேல், பள்ளிக்கூடம் அடிவாரத்தில். மதியம் வந்து வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை அதிலேயே இறங்கிப் போவதாக ஏற்பாடு.

அவருக்கு முன்னால் எதிர்க் கடைக்காரர் வந்துவிட்டார். அவரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். ஃப்ரேம் செய்கிறவர்கள் அடுத்தவர் கடைக்குப் போனால் முதலில் சைக்கிளைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். மேல் அழகு வாங்குகிறவர்களுக்கு. பெயிண்டில் குளிப்பாட்டி வைத்திருக்கிறீர்களே என்று கிண்டலடித்துக்கொண்டே அவரும் கவிழ்த்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் உள்பக்கமாகத் தடவினார். இடது காலில் ஓரிடத்தில் நின்ற விரல், வலது காலில் எங்கும் நிற்கவில்லை.

"வலதுல மூச்சுத் துளை எங்கம்மா?"

குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, பித்தளையை உருக்கி ஊற்றிப் பற்றவைக்கும்போது, உள்ளே சிக்கிய காற்று சூட்டில் பெருகும். அது வெளியே போக முதலிலேயே சின்னத் துளை ஒன்று போடவேண்டும். இல்லையென்றால் அந்தப் பித்தளையைக் கிழித்துக்கொண்டு போகும். வெளியே இணைப்பு முழுசாகத் தெரியும். உள்ளே சொத்தைப் பல்லாக இருக்கலாம்.

பெயிண்ட் அடைத்திருக்கும் என்றேன். அக்கா ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாள். பச்சை போய் இரும்பு தெரிந்தது. துளை இல்லை. இடது காலைத் துளைத்த கையோடு டிரில் பிட் உடைந்ததும், புதிது வாங்க நான் கடைக்கு ஓடியதும், அதற்குள் அவள் வேறு வேலையில் இறங்கிவிட்டதும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

தன் முதல் ஃபோர்க்கும் இப்படித்தான், இன்னும் ஓடுகிறது என்று தாடி குரலைத் தாழ்த்தினார். நானும் மனசுக்குள் டீச்சரின் எடையையும் பித்தளையின் வலுவையும் கணக்குப் போட்டேன்.

"பத்துல ஒன்பது தடவை ஒண்ணும் ஆகாதுக்கா. இன்னைக்குக் குடுத்துடலாம். அடுத்த வாரம் சர்வீஸ்னு கூப்பிட்டு மாத்திக்கலாம்."

"மிச்சம் அந்த ஒண்ணு யாருடா? நாளைக்கு மலையிறங்கப் போறவங்கதானே?"

முதல் சைக்கிளே கோளாறு என்றால் நம் கடைப் பக்கம் யார் வருவார்கள் என்றேன். டீச்சர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.

சைக்கிளை இறக்கினோம். டீச்சர் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில். குனிந்து தன் கால்களையே பார்த்துச் சிரித்தார். இப்படியே விட்டுவிடேன் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அக்கா ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"இறங்குங்க டீச்சர். இதுல நீங்க போக முடியாது."

துளை விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். பக்கத்துக் கடைகளில் பேச்சு நின்றது. நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் எல்லோரும் இந்த சைக்கிளைப் பார்க்க நிற்பார்களே என்றார் டீச்சர். பிறகு, "உடையும்னு உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. உடையாதுன்னும் தெரியாது."

"அப்ப அறுத்துப் பாத்துடுங்க."

செய்முறை காட்டுவதற்காகத் தாடி தன் கடையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் வைத்திருந்தார். அக்கா ஃபோர்க்கைக் கழற்றி அதில் இறுக்கி, இணைப்பின்மேல் ஹாக்ஸா ரம்பத்தை ஓட்டினாள். நான் ஃபோர்க்கின் மறுமுனையைப் பிடித்தேன். நன்றாக இருந்தால் நல்ல ஃபோர்க்கை அறுத்த பாவம். சொத்தையாக இருந்தால் ஊரறிந்த அவமானம். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. பச்சைத் தூள் என் ஷூமேல் கொட்டியது. துண்டு விழுந்தது.

பித்தளை வளையத்தில் பாதியைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பாக, எறும்பு அரித்தது போலப் பொந்து.

டீச்சர் அதில் நகத்தை விட்டுப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அடுத்ததுல துளையை முதல்ல எனக்குக் காட்டணும். அப்புறம்தான் நெருப்பு."

"சரி, டீச்சர்."

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அக்கா ஃபோர்க் இல்லாத சைக்கிளை மறுபடி மேஜைமேல் ஏற்றினாள். அறுத்த துண்டை, பொந்து வெளியே தெரியும்படி, அதன் பக்கத்தில் வைத்தாள்.