கடைசிப் பாதைக்கு முன் முடியாத ஆட்டம்

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்து மைதானத்தில், ஆட்டம் பார்க்கவென்று கட்டிய அந்தக் கொங்கிறீட் மண்டபத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மீது கோபம் என்று கேட்டால், கட்டியவர்கள் மீது, திறக்க வந்த பெரிய மனிதர்கள் மீது, எல்லாரையும்விட என்மீது. அது வேண்டும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

எழுபதுகளின் தொடக்கம். உள்துறைமுகத்தை அண்டியிருந்த அந்த இடம் பேருக்குத்தான் மைதானம். மாரியில் கோல் கம்பத்தடியில் முழங்கால் அளவு தண்ணீர். விளையாடுகிறவர்கள் லொறிக்குப் பின்னால் ஒளிந்து நின்று உடுப்பு மாற்றுவார்கள். வெளியூர் அணிகள் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு மானம் போகும்.

துறைமுகத்தில் நான் கிளாக்கர். கிரேனில் வேலை செய்த, அக்கரைக் கிண்ணியா ஊர்க்காரர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். என்னைவிட மூத்தவர் என்பதால் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் தம்பி. சனிக்கிழமைகளில் அவரும் அவருடைய ஊர்க்காரரும் மைதானத்தின் மேற்குப் பக்கத்தில், பூவரசு நிழலில் நிற்பார்கள். நானும் அவர்களோடுதான். பத்து வருஷத்துக்கு மேல் அதே இடம்.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் பஸ் ஏறிப்போய், கிண்ணியாத் துறையில் கடைசிப் பாதையைப் பிடிக்க வேண்டும். ஆட்களையும் லொறிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் பாதை என்போம். அதை விட்டால் விடியும்வரை இக்கரையில் கிடக்க வேண்டியதுதான். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சரியாக நாலு மணிக்குப் பந்து உருளும். எந்தப் பெரியவருக்காகவும் காத்திருப்பதில்லை. தப்பித்தவறிப் பிந்திவிட்டால் இடைவேளை கிடையாது. அணிகள் பக்கம் மாறி நின்ற கையோடு நடுவர் விசில் ஊதிவிடுவார். வெளியூர்க்காரர் முறைப்பாடு செய்தால், பாதைக்கு ஆட்கள் போகவேண்டும் என்பார் எங்கள் கப்டன். அதற்கு மேல் கதை இல்லை.

மண்டபம் கட்டுவதற்காக நிர்வாகக் குழு கூடியபோது கூட்டக் குறிப்பு எழுதியது நான். நிழல், தண்ணீர்க் குழாய், உடுப்பு மாற்ற அறை, பெண்கள் இருந்து பார்க்க இடம் என்று கேட்டதெல்லாம் நியாயமானவை. கிண்ணியாக்காரர் ஒருவர்கூடக் குழுவில் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நானாவிடம் சொன்னேன். இனி மழையில் நனையாமல் நிற்கலாம் என்று சந்தோஷப்பட்டார் மனுசன். கூலி வாங்காமல் அத்திவாரம் வெட்டும் சிரமதானத்துக்கு ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். மேற்குப் பக்கத்தில் மண்டபத்துக்கு இடம் எடுக்கப் பூவரசைத் தறித்ததும் அவர்கள்தான்.

திறப்பு விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்னர், மண்டபத்துக் கதிரைகள் அங்கத்தவர்களுக்கு மட்டும் என்று குழு தீர்மானித்தது. மற்றவர்கள் எதிர்ப்பக்கத்தில், கம்பி வேலிக்குப் பின்னால், வெயில் நேரே கண்ணில் அடிக்க நிற்க வேண்டும். அங்கத்தவராக இல்லாத கிண்ணியா ஆட்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு சொல்லுச் சொன்னேன். பிறகு பார்ப்போம் என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தீர்மானத்தின்படி முன்வரிசையில் எனக்கும் ஒரு கதிரை இருந்தது.

விழா நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்ததும் நான்தான். ஆரம்பம் நாலு மணி என்று அடித்தேன். எது ஆரம்பமாகும் என்று யோசிக்கவில்லை. நாலு மணிக்கு விளக்கேற்றினார்கள். பிறகு மாலை, பிறகு பேச்சு. ஒருவர் விளையாட்டு மக்களை ஒன்றுசேர்க்கிறது என்று அரை மணித்தியாலம் முழங்கினார். எதிர்ப்பக்கத்தில் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்தபடி நின்றவர்களை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குப் பிறகுதான் பந்து உருண்டது.

பாதி ஆட்டத்தில் கப்டன் ஓடிவந்து, இடைவேளை இல்லாமல் தொடருவோமா என்று செயலாளரிடம் கேட்டார். விருந்தாளிகளுக்குச் சோடாவும் வடையும் கொடுக்க வேண்டும் என்றார் செயலாளர். நான் இரண்டு கதிரை தள்ளி இருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

நானா வேலியைச் சுற்றிக்கொண்டு மண்டபத்தடிக்கு வந்தார். பாதைக்கு நேரமாகிவிட்டது, போகிறோம் என்று சொல்லத்தான் வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்கோ நானா, நான் கேட்டுப் பாக்கிறன்," என்று பாதி எழும்பினேன்.

"நீங்க இரிங்க தம்பி. உங்களுக்குக் கதிரை இரிக்கு."

குத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே நான் சுகமாக இருந்து பார்க்கட்டும் என்றுதான் சொன்னார். முப்பது நாற்பது பேர் அவருக்குப் பின்னால் வீதிக்கு ஏறிப் போனார்கள். எதிர்ப்பக்கத்தில் வேலி மட்டும் மிஞ்சியது.

செயலாளர் என் முன்னால் தட்டை நீட்டினார். நான் ஒரு வடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் கதிரையில் இருந்தேன்.