அளவக்காவின் தீனிக் கணக்கு

"கேரட்டைக் கழுவிட்டு உதறுங்கப்பா, தண்ணிக்கும் சேர்த்து எடை காட்டுது" என்று தராசுப் பக்கம் குரல் கொடுத்துக்கொண்டே விசைப்பலகையைத் தட்டுகிறார் அளவக்கா.

விலங்குக் காட்சிசாலையின் தீவனக் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. மான், முயல், ஆமை என்று இலைதழை தின்னும் முப்பத்தொரு உயிர்களில் யாருக்கு எவ்வளவு என்பது அவருடைய கணினியிலிருந்துதான் வர வேண்டும்.

முன்பு எக்செல்லில் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனிச் சூத்திரம். மருத்துவர் விகிதத்தை மாற்றினால் முப்பத்தொரு இடத்தில் திருத்த வேண்டும். ஓரிடம் நிச்சயம் விட்டுப்போகும். அலுத்துப்போய், ஐம்பத்து மூன்று வயதில், நாமே சூத்திரம் எழுதிப் பெயர் வைத்துக்கொள்ள எக்செல் தரும் 'லாம்டா' வசதியைத் தேடிப் பிடித்தார். கணக்கை ஒரே இடத்தில் எழுதி, அதற்குத் 'தீனி' என்று பெயரும் வைத்தார். அடைப்புக்குறிக்குள் முதலில் எடையையும் அடுத்து வயதையும் கொடுத்தால் அளவைச் சொல்லிவிடும். இது பிடிபட மூன்று வாரம் மல்லுக்கட்டினாராம்.

"சூத்திரத்துல 'எடை'ன்னு எழுதியிருக்கே, அது எந்த மானோட எடைன்னு தேடிக்கிட்டே இருந்தேன். எந்த மானோடதும் இல்ல! அது வெறும் காலி எடம். நாம யாரோட நம்பரைக் கொடுக்கிறோமோ, அது வந்து உக்காந்துக்கும்."

மூன்று மாதம் நிம்மதி. பிறகு கிழட்டு ஆமைக்கு உடம்பு ஊதிப்போய், கால்களை ஓட்டுக்குள் இழுக்க முடியாமல் போனது.

"நீர் கோத்திருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்துடலாம். இந்த வயசுல திரும்ப முழிக்குமான்னு உறுதி சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். ஆமையின் பராமரிப்பாளர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அளவக்கா அன்று சாப்பிடப் போகவில்லை. பட்டியலை வரிவரியாகக் கையால் போட்டுப் பார்த்தார். ஆமையின் வரியில் விரல் நின்றது: தீனி(90, 40). ஆமைக்கு வயதுதான் தொண்ணூறு, எடை நாற்பது கிலோ. பராமரிப்பாளர் பெருமையாக வயதை முதலில் சொல்ல, இவரும் சொன்னபடியே போட்டுவிட்டார். முதலில் வந்ததை எடையாக எடுத்துக்கொண்டது கணினி. இதே தவறு, எடையைவிட வயது எண் மிகச் சிறியதாக இருக்கும் ஒரு மானுக்கு நடந்திருந்தால் தீனி ஒரு பிடியாகச் சுருங்கி அன்றே காட்டிக்கொடுத்திருக்கும்.

சத்தமில்லாமல் திருத்திவிட்டிருக்கலாம். அச்செடுத்த தாளோடு நேரே மருத்துவர் அறைக்குப் போனார்.

"மயக்க மருந்து வேண்டாம் டாக்டர். அதுக்கு நோய் இல்ல, நான்தான். மூணு மாசமா ரெண்டு மடங்குக்கு மேல போட்டிருக்கேன்."

விளக்கம் கேட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். பராமரிப்பாளர் ஐந்து மாதம் அவரோடு பேசவில்லை. ஒருநாள் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்: "அக்கா, இழுத்துக்கிச்சு! நாலு காலும்!"

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நான் எதிரே உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. பெரிய ரக முயலொன்று புதிதாக வந்திருந்தது.

"ஆறு வயசு, ஆறு கிலோ. எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்க்கா" என்று மறுமுனையில் சிரித்தார் மருத்துவர்.

அளவக்கா சிரிக்கவில்லை. "எடை ஆறு" என்று உதட்டுக்குள் சொல்லி ஓர் ஆறைத் தட்டினார். நிறுத்தி, காற்புள்ளி வைத்தார். "வயசு ஆறு" என்று இன்னோர் ஆறைத் தட்டினார்.