கடைசிக் குழி

என் டம்ளரின் அடியில் ஆறிக் கிடந்த டீயையும் அண்ணியே குடித்து முடிக்கிறாள். பாதியில் நிற்கும் எதையும் அவளால் பார்க்க முடியாது. நான் கொட்டாவியை அடக்கினால்கூட, "முழுசா விட்டுத் தொலையேன்" என்பாள். வருஷக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டு வந்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருக்கும் என்னிடம் கேட்டாள்: "எந்த ஊரையாவது முழுசா பாத்தியா, இல்ல எல்லாத்தையும் கடிச்சுக் கடிச்சு வச்சுட்டு வந்தியா?"

அவளுக்கு ஓர் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் வேலை. தட்டுகளைச் சூட்டுப்பெட்டிக்குள் வைக்கும்போது, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல் கை மெதுவாகிவிடும். "தூங்குங்கடி. ஆனா படிச்சுக்கிட்டே தூங்குங்க."

அது என்ன படிப்பு என்பது அண்ணனை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. செல்லின் கருவுக்குள் மரபுச் செய்தி இருக்கிறது. அதன் நகல் ஒன்று வெளியே வருகிறது. ரைபோசோம் என்கிற நுண்ணிய இயந்திரம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம் என்று கோத்துப் புரதம் செய்கிறது. 'நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்தால் கோப்பதை விட்டுவிடும். அண்ணனுக்கு ஓர் எழுத்து மாறியதில், தசைக்கு வேண்டிய புரதத்தின் நடுவிலேயே 'நிறுத்து' வந்துவிட்டது. ரைபோசோமோ சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை; நிறுத்திவிடுகிறது. அண்ணன் மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறான். "சொல்பேச்சு கேட்டா உருப்படலாம்னாங்க, பாரு" என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சிரிக்கிறான். அண்ணி சிரிப்பதில்லை. அவன் இடுப்பில் கை கொடுத்து மீதிப் படிகளையும் ஏற்றிவிடுகிறாள்.

அதே பிழையுள்ள செல்களில்தான் அவள் மருந்து சொட்டிப் பார்க்கிறாள். தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள், குழிக்கு ஒரு மருந்து. ரைபோசோமை அந்த 'நிறுத்து'வைத் தாண்டி வழுக்கிப் போகவைக்க ஏதாவது ஒன்றால் முடியுமா? புரதத்தின் வாலில் பச்சையாக ஒளிரும் துண்டு ஒன்றை ஒட்டவைத்திருக்கிறார்கள். கடைசிவரை படித்தால்தான் வெளிச்சம். இதுவரை எல்லாத் தட்டும் இருட்டு.

நேற்று என்னையும் அழைத்துப்போனாள். நுண்ணோக்கி அறையில் நடுப்பகலிலும் இருள். இயந்திரம் எங்கோ தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் முனகியது. நீல ஒளியில் அவள் விரல்கள் மட்டும் மிதந்தன. தட்டை நகர்த்தினாள். கறுப்பு. மறுபடி கறுப்பு. எனக்குக் கால் பரபரத்தது.

"போதும் அண்ணி, ஒண்ணுமில்ல. போலாம்."

"பாதியில எந்திரிக்காதடி."

கடைசிக் குழி. அவள் கை நின்றது. நகர்ந்து எனக்கு இடம்விட்டாள். கப்பல் தளத்திலிருந்து ஒருமுறை பார்த்த, என்ன ஊரென்றே தெரியாத கரையின் விளக்குகள்போல, கறுப்புக்குள் ஐந்தாறு பச்சைப் புள்ளிகள்.

அப்போது அவள் போன் அடித்தது. அண்ணன். அந்த மூடிய அறையில் அவன் குரல் எனக்கும் கேட்டது. "என்ன, உன் பிள்ளைங்க இன்னிக்காவது படிச்சாங்களா?"

"என்னங்க... இங்க, கடைசியில..."



"முடிங்க அண்ணி" என்றேன்.

அவள் முடிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, குரல் மட்டுமே போகும் அதை, அவன் அங்கிருந்தே பார்த்துவிடுவான் என்பதுபோல நுண்ணோக்கியின் கண்வில்லைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.