அரை மைல் மண்பாதை

ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்காவின் கணவர் ஜீப் ஓட்டினார். எனக்கு அங்கே ரப்பர் பால் உறைய வைக்கிற வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தான் என்னை ஜீப்பில் உட்காரவைத்து ஓட்டப் படிப்பிப்பார். தோட்டத்துக்குள் அரை மைல் மண்பாதை. குழி கிடையாது. நடுவில் கணுக்கால் நனையும் ஓடை, பிறகு ஒரு சின்ன ஏற்றம், அதற்கப்பால் தார்ரோடு.

"இதுல ஆரும் ஓட்டலாம் மக்கா" என்பார். ஆனால் தார்ரோட்டில் ஏற விடமாட்டார்.

எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு ஞாயிறு, நான் ஸ்டியரிங்கில் இருந்தபோது, மரங்களுக்குள்ளிருந்து போலீசார் மூன்று பேரை இழுத்து வந்தார்கள். மூவரில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மரச்சீனிக் கிழங்கு பயிரிடுகிறவர். அவர் கால் ஒடிந்து தொங்கியது. போலீஸ் வேன் தார்ரோட்டில் நின்றது.

மூவரையும் வேன்வரை கொண்டுபோக ஏட்டு அத்தானிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

"எடுக்க மாட்டேன்" என்று அத்தான் இறங்கினார். லத்தி தோளில் விழுந்தது. சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் படிக்கியதுக்கு வந்தவனாக்கும், சாரே."

இந்த வழிக்கு அது போதும் என்றார் மலையாளத்தில்.

தரையிலிருந்து அத்தான் கத்தினார்: "எலே, எறங்கிருலே!"

நான் இறங்கவில்லை. பயம். வேறு காரணம் எதுவும் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓடையில் வண்டி நின்றுபோனது. போலீஸ்காரர் ஒருவர் என் பிடரியில் அறைந்தார். பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வலியோடு சொன்னார்: "பதறாத மக்கா. மெள்ளப் போ."

வண்டி கிளம்பியது. ஏற்றத்தைத் திணறாமல் ஏறியதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. சரியாக ஓட்டிவிட்டேன் என்ற சந்தோஷம். மூவரையும் வேனில் தூக்கிப் போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் அது போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரரை மூன்று வாரம் கழித்து வெளியே விட்டார்கள். கால் அழுகியிருந்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பே இறந்துபோனார்.

கல்லறைத் தோட்ட வாசலில் அத்தான் என் மார்பில் கைவைத்துத் தடுத்தார். "நீ உள்ள வரண்டாம்."

மதிலுக்கு வெளியே நின்றேன். பெட்டியை இறக்கும்போது பாடிய பாட்டு கேட்டது. நானும் உதட்டுக்குள் பாடினேன். பாதியில் வார்த்தை மறந்துவிட்டது.