வருடம் ஒரு கூடை புளி

ஒவ்வொரு பங்குனியிலும் ஜவ்வாது மலையிலிருந்து எங்கள் வேலூர் வீட்டுக்கு ஒரு கூடை புளி வரும். என் கொள்ளுத்தாத்தாவுக்கு மலை ஜனங்கள் செலுத்தும் நன்றி அது என்று எங்கள் வீட்டில் பெருமை. கொண்டு வருபவர்கள் கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். பழைய வேட்டியோ புடவையோ கொடுப்போம். வாங்கிய பிறகும் நிற்பார்கள். "இன்னும் என்னம்மா?" என்று ஒருமுறை நான் எரிந்து விழுந்திருக்கிறேன். புளியில் கொட்டை அதிகம் என்று குறையும் சொல்லியிருக்கிறேன்.

கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்து வக்கீல். சென்னையில் சட்டம் படித்து, வேலூரில் தொழில் நடத்தி, சட்டசபைக்குப் போய், கடைசியில் மந்திரியும் ஆனவர். மலை ஜனங்களின் நிலத்தைக் காட்டுக்குள் சேர்த்து வளைப்பது அநியாயம் என்று சபையில் அவர் இங்கிலீஷில் முழங்கிய பேச்சு எங்கள் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதை ஒப்பிக்காமல் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை. நானும் வக்கீலானேன். ஊரில் என் பெயர் எடுபடவில்லை, அதனால் அவர் பெயரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுத உட்கார்ந்தேன்.

மலை ஜனங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. போன ஆடியில் நெல்லிவாசல் பக்கம் ஷேர் ஜீப்பில் போய், இறங்கி நடந்தேன். தன் அப்பா செத்த பிறகு பத்து வருடமாக எங்களுக்குக் கூடை சுமந்து வரும் பெண்ணின் வீட்டுக்கு. நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. சாமைக் கொல்லையோரம் நிறுத்தி, செல்போனை நீட்டி, எங்கள் கொள்ளுத்தாத்தாவிடம் உங்களுக்கு ஏன் இவ்வளவு நன்றி என்று சொல்லச் சொன்னேன்.

"நன்றிங்களா? எங்க பட்டா உங்க வூட்லதானங்க கீது" என்றாள்.

அவளுடைய பாட்டனாரின் அப்பா, கொல்லையைக் காட்டில் சேர்த்தபோது வழக்குப் போட்டு, பட்டாவை வக்கீலிடம் கொடுத்திருக்கிறார். அது திரும்பி வரவே இல்லை. இத்தனை வருடமும் வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா என்றேன்.

"கொடுத்து வெச்சத வாய்விட்டு கேக்கக் கூடாதுங்க. கேட்டா உங்கள நம்பலன்னு ஆய்டும். வருசம் ஒருதபா புளிய எடுத்துனு வந்து நின்னா, வாங்கனவங்களே புரிஞ்சிக்கினு குடுக்கணும். எங்க மலைல அதாங்க முறை."

இத்தனை நாள் காகிதத்தில் மட்டும் காடாக இருந்த அந்தக் கொல்லையில் இப்போது காட்டிலாகாக்காரர்கள் எல்லைக்கல் நடப்போகிறார்கள் என்றும், ஆவணியில் விசாரணை என்றும் சொன்னாள். பட்டா இருந்தால் கொல்லை நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. அப்போதும் அவள் பட்டாவைக் கேட்கவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்த வழக்குக் கட்டுகளை இறக்கினேன். மூன்றாம் நாளே பட்டா கிடைத்தது. கூடவே கோர்ட் உத்தரவும் இருந்தது. வாதியின் வக்கீல் ஆஜராகாததால் வழக்குத் தள்ளுபடி. கொள்ளுத்தாத்தாவின் நாட்குறிப்பைப் புரட்டினேன். அன்று அவர் சென்னையில் மந்திரியாகப் பதவி ஏற்றுக்கொண்டிருந்தார். அதையாவது மன்னிக்கலாம். பட்டாவின் பின்பக்கத்தில், அவர் கையெழுத்தில், அதற்கடுத்த வருடங்களில் இங்கிலீஷில் எழுதிய குறிப்புகள் இருந்தன. "கட்சிக்காரர் வந்தார். வழக்கு நடக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்." இதையே பதினோரு தடவை எழுதியிருந்தார். பொய் சொன்னது போதாதென்று, அவர்கள் பத்திரத்தையே குறிப்புத்தாளாகவும் ஆக்கிக்கொண்டிருக்கிறார், மகாபாவி.

மறுநாளே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் விசாரணையில் பட்டாவை நீட்டினால் பின்பக்கத்தையும் நாலு பேர் படிப்பார்கள். புத்தகமோ அச்சுக்குப் போக இருந்தது. வெளியீட்டு விழா முடியட்டும் என்று பட்டாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். தலைமை தாங்குகிற பெரிய மனிதருக்கு நாள் ஒத்துவராமல் விழா தள்ளிக்கொண்டே போயிற்று. ஆவணியில் விசாரணை நடந்தது. அவள் வெறுங்கையோடு போய் நின்றாள். கொல்லை போய்விட்டது. ஐப்பசிக் கடைசியில் விழா நடந்தது. மலைவாழ் மக்களின் காவலர் என்று கொள்ளுத்தாத்தாவைப் புகழ்ந்துவிட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டேன். மேல்முறையீட்டுக்கான கெடு அதற்குள் தாண்டிவிட்டது. வக்கீலான எனக்கு அது தெரியாதா என்ன?

கார்த்திகையில் பட்டாவோடு மலைக்குப் போனேன். கொல்லையில் கல் நட்டிருந்தார்கள். அவள் கூலி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது.

"எப்பங்க கெடச்சிது?"

"நேத்துதாம்மா. பரணெல்லாம் தேடி நேத்துதான் கிடைச்சுது."

"அதான பாத்தேன். முன்னாடியே கெடச்சிருந்தா எடுத்துனு ஓடி வந்திருப்பீங்க" என்றாள்.

பிறகு உள்ளே போய், பானையில் மிச்சமிருந்த புளியையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தாள். கொடுத்து வைத்தது திரும்பி வந்தால் கடைசியாக ஒரு கூடை கொடுக்க வேண்டும், அதுவும் முறைதான் என்றாள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.